பூசணிக் கொடி வெட்ட வாங்குன கட்டர், ஒரு சீசன் ஓட்டிட்டு எழுதுதேன்

டவுன் ரதவீதி பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில 380 ரூவாய்க்கு வாங்குனது. செவப்புக் கைப்பிடி, ரெண்டு பிளேடும் கத்திரி மாரி உரசிப் போற டைப், பைபாஸ்னு சொல்லுதாங்க. முன்னால வச்சிருந்ததுல ஒரு பக்கந்தான் பிளேடு, அது கீழ இருக்க தட்டை இரும்பு மேல வந்து அமுக்கும். எலுமிச்சையில காஞ்ச கொம்பு வெட்ட அது தேவலை, ஆனா பூசணிக் கொடியில வச்சா சவம் வெட்டாது, நசுக்கும். பூசணித் தண்டு பப்பாளி இலைக் காம்பு கணக்கா உள்ள ஓட்டை பாத்துக்கிடுங்க, நசுங்குன எடத்துல தண்ணி எறங்கி ரெண்டே நாள்ல கொழகொழன்னு ஆயி ஒரு கணு வரைக்கும் அழுகிட்டு. அந்த வயித்தெரிச்சல்லதான் புதுசு வாங்குனேன்.

களக்காட்டுப் பக்கம் வாழைத் தோட்டம் நமக்கு, ஓரத்துல கொஞ்சம் எடம் சும்மா கெடந்துச்சு, ஆன்லைன்ல அட்லாண்டிக் ஜெயன்ட்ங்குத ராட்சசப் பூசணி வெதை வாங்கி ரெண்டு குழி போட்டேன். கனடாவுல ஹோவர்டு டில்னு ஒரு விவசாயி உண்டாக்குன ரகம், 2023ல அமெரிக்காவுல ஒருத்தர் 1,247 கிலோவுக்கு காய் கொண்டாந்தாரே, அந்த வம்சம். நம்ம வெயிலுக்கு அது நடக்காதுன்னு தெரிஞ்சேதான் போட்டேன். எங்க ஆச்சிதான், "தடியங்காயாவது போட்டிருந்தா கூட்டு வைக்கலாம், இத எந்தப் பானையில ஏத்த?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா.

இதுல வேலையே வெட்டுததுதான். கொடிய கிறிஸ்துமஸ் மரம் மாரி படர விடணும். நடுவுல தாய்க்கொடி நேரா போகும், ரெண்டு பக்கமும் பிள்ளைக்கொடி, அது 10, 12 அடி போனதும் நுனிய வெட்டி மண்ணுக்குள்ள பொதைச்சிரணும், பிள்ளைக்கொடியில இருந்து வருதே பேரன்கொடி (நான் வச்ச பேரு) அத கண்ட எடத்துலயே எடுத்துரணும், இல்லன்னா தெம்பெல்லாம் இலைக்குப் போயி காய் சிறுத்துரும். கணுவுக்குக் கணு மண்ணு போட்டா அங்கனயும் வேர் எறங்கும். தாய்க்கொடியில 10 அடி தள்ளி ஒரே ஒரு பிஞ்சு, மத்தத கிள்ளிரணும், கிள்ளும்போது மனசு வரவே வராது.

கட்டருக்கு வாரேன். வெட்டு சுத்தமா விழுது, வெட்டுன வாய் அன்னைக்கே காஞ்சிருது. ஆனா மூக்கு ரொம்பத் தடிமன், இலைக்காம்புக்கும் கொடிக்கும் நடுவுல பேரன்கொடி விரல் நீளம் இருக்கும்போது அது உள்ள போகவே மாட்டேங்கு, அதுக்கு நகந்தான், சொணை கையெல்லாம் குத்தி ராத்திரி அரிக்கும். பூசணிப் பாலு பிளேடுல பிசினா ஒட்டுது, டெட்டால் துணியால தொடைக்காம அடுத்த கொடிக்குப் போவாதிய, தேமல் நோய் வந்த கொடின்னா சொல்லவே வேண்டாம். லாக்கு சுத்த மோசம், மடியில சொருகுனா தன்னால தொறந்துக்கிடும், நான் பட்டுட்டேன், நீங்க படாதிய.

வெட்டு ரொம்ப லேசா விழுததுலயும் ஒரு ஆபத்து இருக்கு. ஒரு நாள் மச்சினன்கிட்ட குடுத்துட்டு மோட்டார் போட போனேன், திரும்பி வந்து பாத்தா ஒரு குழியில தாய்க்கொடி நுனி அவன் கையில இருக்கு. "அத்தான், இதத்தான வெட்டச் சொன்னிய?" என்னத்தச் சொல்ல, பக்கத்துப் பிள்ளைக்கொடிய திருப்பி நேரா விட்டு அதையே தாய்க்கொடியாக்குனேன், அதுல காய் 19 கிலோ. வெட்டுப்படாத குழியில 34, வாழைக்காய் மண்டி தராசுல போட்டுப் பாத்தது.

அஞ்சுக்கு மூணு குடுப்பேன். நாலு குடுத்திருப்பேன், கடைசி வாரம் ஸ்பிரிங் தெறிச்சு வாழைக்குள்ள எங்கயோ போயிட்டு, கடையில போயி கேட்டா "ஸ்பிரிங் தனியா வராது அண்ணாச்சி, புதுசு எடுத்துக்கிடுங்க"ங்காங்க. பழைய டார்ச் லைட் ஸ்பிரிங்க மாட்டிருக்கேன், முன்னால இருந்தத விட நல்லாத்தான் தெறிக்கு.