பலூனா, எலாஸ்டிக்கா?

பெங்களூரு அல்சூரில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பிரபஞ்ச விரிவை விளக்கப் போகிறவர் முதலில் தேடுவது பலூனைத்தான். கேலக்ஸிகளாக, அதாவது விண்மீன் கூட்டங்களாக, அதில் பேனாவால் புள்ளி வைத்தால், ஊத ஊத அந்தப் புள்ளியும் பெருத்துவிடும். கேலக்ஸிகள் அப்படிப் பெருப்பதில்லை. ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினால் அந்தக் குறை தீரும். ஆனால் 'நடு எங்கே?' என்றால் பிள்ளைகள் பலூனுக்குள்ளே கைகாட்டுவார்கள்.

அதற்குத் தையல் கடை எலாஸ்டிக்கே மேல். 50 செ.மீ. துண்டில் 10 செ.மீ.க்கு ஓர் ஊக்கு குத்தி, இருமடங்காக இழுங்கள். பக்கத்து ஊக்கு 10 செ.மீ. விலகும், 40 செ.மீ. தள்ளி இருந்த ஊக்கு அதே நேரத்தில் 40 செ.மீ. விலகும். தூரம் கூடினால் வேகமும் கூடும்: 1929-இல் வானியலாளர் ஹபிள் கேலக்ஸிகளில் காட்டியது இதைத்தான். எந்த ஊக்கிலிருந்து அளந்தாலும் அதே கணக்கு, ஆகவே நடு கிடையாது. பழைய எலாஸ்டிக் ஆகாது, தொய்ந்த இடம் கணக்கைக் கெடுக்கும். பெரிய அரங்கமென்றால் வேறு வழியில்லை, பலூன்தான். கடைசி வரிசைக்கு ஊக்கு எங்கே தெரியப்போகிறது!