48,500 ரூபா கட்டினேன், அந்த ஸ்கேன் மெஷினே அங்கே இல்லை

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலையில் இருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

போன வியாழன் விடிய 5.40. அம்மா கொடுத்த தேத்தண்ணிக் கோப்பை அப்பாவின் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சும் குழறியது. இரவு 10.30க்குப் படுக்கப் போகும்போது நல்ல சுகமாகத்தான் இருந்தார். பக்கவாதம். நித்திரையில் எத்தனை மணிக்கு வந்தது என்று யார் கண்டது?

1990 அம்புலன்சுக்கு எடுத்திருக்க வேண்டும். நான் எடுத்தது, முகநூலில் 'அவசர மூளை ஸ்கேன், 24 மணி நேரமும்' என்று விளம்பரம் போடும் ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்துக்கு. பெயர் போடவில்லை, பிறகு வழக்கு என்று வருவார்கள். போனை எடுத்த பிள்ளை முதலில் கேட்டது, "ஐயா கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தவர்?" அந்தக் கேள்வியில்தான் விழுந்தேன். விஷயம் தெரிந்த இடம் என்று நினைத்துவிட்டேன். எம்.ஆர்.ஐ இருக்கா என்றேன். "இருக்கு அண்ணா, பக்கேஜ் 48,500. வந்த உடனே எடுக்கலாம்."

உப்புவெளியிலிருந்து ஓட்டோவில் பறந்து போய் 6.20க்குக் காசைக் கட்டினேன். 7.30க்கு வெறும் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். "நோர்மல், பயப்பிட ஒண்டுமில்லை." மனுசன் கையைத் தூக்க ஏலாமல் கிடக்கிறார், இவர்களுக்கு நோர்மல்! எம்.ஆர்.ஐ எங்கே என்றால், டெக்னீசியன் வாறாராம். பிறகு டொக்டர் வாறாராம். 9.40க்குத்தான் உண்மை வந்தது: மெஷின் வேறு ஊரில், பின்னேரம்தான் ஸ்லொட்.

அங்கிருந்து நேரே அரசாங்க ஆஸ்பத்திரி. டொக்டர் இவர்கள் கொடுத்த துண்டைப் பார்த்தார். 'தொடங்கிய நேரம்' என்ற கட்டத்தில் நீலப் பேனையால் 5.40 என்று இருந்தது. நான் 10.30 என்றல்லவா சொன்னேன்! அதை வெட்டி அவரே 10.30 என்று எழுதினார். எழும்பிய நேரத்தைத் தொடங்கிய நேரமாக எடுக்கவே கூடாதாம். அதை நம்பி, உண்மையில் நேரம் கடந்துவிட்டவருக்கு இரத்தக்கட்டி கரைக்கும் மருந்தை ஏற்றினால் மூளைக்குள் இரத்தம் கசியலாம். சி.டி.யில் இரத்தக்கசிவு தெரியும், ஆனால் மூளை இரத்தக்குழாயில் அடைப்பு வந்த முதல் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாமல் போகலாம். நேரம் தெரியாதவருக்கு எம்.ஆர்.ஐதான் மணிக்கூடு. அதில் ஒரு வகைப் படத்தில் பாதிப்பு சில நிமிடங்களிலேயே வெள்ளையாகத் தெரியும், இன்னொரு வகையில் சில மணி நேரம் கழித்துத்தான். முதலாவதில் தெரிந்து மற்றதில் தெரியாவிட்டால், அனேகமாக நாலரை மணி நேரத்துக்குள் வந்தது, மருந்தை யோசிக்கலாம். ஐரோப்பாவில் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வில், இப்படித் தெரிவு செய்து மருந்து ஏற்றியவர்களில் 53 வீதமானோர் நன்றாகத் தேறியிருக்கிறார்கள், ஏற்றாதவர்களில் 42 வீதம். அப்பாவுக்கு அது சரிவந்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. பார்க்கவே விடவில்லையே!

காசைத் திருப்பிக் கேட்டேன். திங்கள், "மனேஜர் கொழும்பிலை." செவ்வாய், "சி.டி. எடுத்தாச்சுத்தானே, அதுவும் பக்கேஜ்தான்." ரிசீட்டில் 'ஸ்கேன் 48,500' என்று மட்டும் இருக்கிறது, எந்த ஸ்கேன் என்று இல்லை. நேற்று என் நம்பரையும் பிளொக் பண்ணிவிட்டார்கள். 48,500 ரூபா, ஒரு சி.டி.க்கு!

என்னென்ன செய்ய வேண்டும் என்று விபரமாக எழுத நினைத்தேன், வார்டு வாசலில் நின்றுகொண்டு முடியவில்லை. காசு கட்டுமுன் எந்த ஸ்கேன், மெஷின் இதே கட்டடத்திலா என்று கேட்டு ரிசீட்டில் எழுதி வாங்குங்கள். வாய் கோணினாலோ கை சோர்ந்தாலோ 1990 தான், அதற்குக் காசும் இல்லை. கடைசியாக நல்லா இருந்த நேரத்தை ஒரு துண்டில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். அந்தக் கட்டத்தில் அவர்கள் என்ன நிரப்புகிறார்கள் என்று எட்டியும் பாருங்கள்.