சமவெளிக் குடியேறிகளின் குடும்ப வரலாறு: மக்கள்தொகைக் கணக்கெடுப்பா, நிலக் கோப்பா?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா, கான்சஸ், டகோட்டா சமவெளிகளில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குடியேறிய உழவர் குடும்பங்களின் வரலாற்றைத் தேடுவோர் பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்தே தொடங்குகிறார்கள். இணையத்தில் பெயரை இட்டதும் ஏடு கண்முன் வந்துவிடுவதே அதற்குக் காரணம். ஆனால் அரசிடம் நிலம் கோரிப் பெற்ற குடும்பமாக இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது ஹோம்ஸ்டெட் (குடியிருந்து உழுபவருக்கு அரசு நிலம் வழங்கும் திட்டம்) நிலக் கோப்பு என்பதே என் உறுதியான கருத்து.

கணக்கெடுப்பின் பெருமையை மறுப்பதற்கில்லை. 1850 முதல் அடிமைப்படாத ஒவ்வொருவரின் பெயரும் அதில் உண்டு. குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்பது 1880 முதல் உண்டு. 1900ஆம் ஆண்டு ஏடு பிறந்த மாதத்தையும் நாட்டுக்குள் வந்த ஆண்டையும், ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, அவர்களில் உயிரோடிருப்பவர் எத்தனை என்பதையும்கூடச் சொல்கிறது. ஆயினும் சமவெளிக் குடியேற்றம் பெருகிய காலத்தைக் காட்டியிருக்க வேண்டிய 1890ஆம் ஆண்டு ஏடுகளோ, 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தில் சேதமுற்றுப் பின்னர் ஏறக்குறைய முழுவதுமாக அழிந்துபோயின. இதனால் 1881இல் டகோட்டாவில் பிறந்து, 1899இல் மணம் முடித்து வேறிடம் சென்ற ஒரு பெண், பத்தாண்டுக்கு ஒருமுறை கூட்டரசு எடுத்த கணக்கெடுப்பில் எஞ்சியுள்ள ஏடுகள் எதிலும் பெற்றோரோடு சேர்ந்து காணப்பட மாட்டாள். நெப்ராஸ்காவிலும் டகோட்டாவிலும் 1885இல் எடுக்கப்பட்ட இடைக்காலக் கணக்கெடுப்பு இந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்புகிறது; கான்சஸ் மாநிலம் 1885இலும் 1895இலும் தானே எடுத்த கணக்கெடுப்புகளும் உதவும். இவற்றைப் பலர் பார்க்காமலே விட்டுவிடுவது வருத்தத்திற்குரியது.

நிலக் கோப்பின் தன்மை வேறு. லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி, 21 வயது நிறைந்தவரோ குடும்பத் தலைவரோ 160 ஏக்கர் கோரலாம்; அங்கேயே ஐந்தாண்டுகள் குடியிருந்து உழுததை மெய்ப்பித்த பிறகே பட்டா கிடைக்கும். அந்த மெய்ப்பிப்புக்காக எழுதப்பட்ட வாக்குமூலங்கள்தாம் நமக்குக் கிடைத்த புதையல். வீடு எப்போது கட்டப்பட்டது, அதன் நீள அகலம் என்ன, கிணறு உண்டா, எத்தனை ஏக்கர் உழப்பட்டது, எத்தனை பருவம் விளைச்சல் எடுக்கப்பட்டது, குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள், இடையில் நிலத்தை விட்டுச் சென்றிருந்தால் எதற்காக என்பனவற்றுக்கெல்லாம் மனுதாரரே விடை சொல்லியிருப்பார். கணக்கெடுப்பில் ‘உழவர்’ என்ற ஒற்றைச் சொல்லாக நிற்பவர், இங்கே குளிர்காலத்தில் கூலி வேலைக்குப் போய் வசந்தத்தில் திரும்பிய மனிதராகத் தெரியக்கூடும். அயல்நாட்டில் பிறந்தவராயின், எந்த நீதிமன்றத்தில் எந்த நாளில் குடியுரிமை கோரினார் என்பதற்கான நகலும் கோப்பில் இருக்கும். 1906க்கு முன் குடியுரிமைப் பதிவுகள் எண்ணற்ற உள்ளூர் நீதிமன்றங்களில் சிதறிக் கிடப்பதால், இந்த ஒரு தாளே பல மாதத் தேடலை மிச்சப்படுத்திவிடும். சாட்சி சொன்ன அண்டை நிலத்தாரின் பெயர்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் பலமுறை மைத்துனராகவோ பழைய ஊர்க்காரராகவோ இருப்பார்கள்.

பெண்களின் வரலாற்றுக்கும் இக்கோப்பு பெருந்துணை. மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் தம் பெயரிலேயே நிலம் கோர முடிந்தது. கணவர் இடையில் இறந்தால் மனைவி தொடர்ந்து மெய்ப்பிக்கலாம் என்பதால், வேறெங்கும் பதிவாகாத ஓர் இறப்பு நாள் அவளுடைய வாக்குமூலத்தில் கிடைப்பதுண்டு. கணவரோடு வாழ்ந்த பெண்ணைப் பற்றி மட்டும் கோப்பு பெரும்பாலும் மௌனமாகவே இருக்கிறது. அவளுக்குக் கணக்கெடுப்பையும் தேவாலயத்தின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளையுமே நாட வேண்டும். மேலும், பட்டா பெறுவதற்காகச் சொல்லப்பட்டவை என்பதால் உழுத பரப்பு சற்றே கூட்டிச் சொல்லப்பட்டிருக்கவும் கூடும். ஏக்கருக்கு 1.25 டாலர் செலுத்தி முன்னதாகவே பட்டா வாங்கியவர்களின் கோப்பு ஐந்தாண்டு வாழ்வைக் காட்டாது. டெக்சாஸ் போல மாநிலமே தன் நிலத்தை வழங்கிய இடங்களில் இக்கோப்பே இல்லை.

1880களில் பெருவாரியாக வெளிவந்த கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவான மாவட்டம் போன்றது) வரலாற்று நூல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பணம் கட்டியவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளே அவற்றில் மிகுதி. பூர்வீக ஊரின் பெயருக்கு அவை உதவும், மற்றவற்றை வேறு ஆவணத்தோடு ஒப்பிடாமல் ஏற்கக் கூடாது.

பட்டா பெற்றவர்களின் பெயர்ச் சுட்டி அமெரிக்கக் கூட்டரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் கிடைக்கும் நில விவரத்தையும் ஆவண எண்ணையும் கொண்டு, வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திடமிருந்து முழுக் கோப்பின் நகலைப் பெறலாம். நெப்ராஸ்காக் கோப்புகள் ஏற்கெனவே மின்படியாக்கப்பட்டுள்ளன. ஆனால் வறட்சியிலும் வெட்டுக்கிளியிலும் நொடித்து நிலத்தைக் கைவிட்டவர்கள் அந்தச் சுட்டியில் வர மாட்டார்கள். அவர்களுக்கு, ஒவ்வொரு நிலத் துண்டையும் யார் கோரினார் என்று குறித்துவைத்த நில அலுவலகத்தின் பரப்புப் பேரேடுகளே வழி. பெயரால் அன்றி நிலத்தின் இருப்பிடத்தால் அடுக்கப்பட்ட அப்பேரேடுகளில், உறவினர் பெற்ற நிலத்தைச் சுற்றியுள்ள பகுதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சென்றால், அடித்துவிட்டு ‘ரத்து’ என்று குறிக்கப்பட்ட ஒரு வரியில் தேடிய பெயர் கிடைக்கக்கூடும். ரத்தான அந்தக் கோரிக்கைக்கும் காப்பகத்தில் ஒரு கோப்பு இருக்கும்.