பாப்பா, சாப்பா?

வீட்டு பிராட்பேண்ட் ரவுட்டரில் பிபிபிஓஇ (இணைய நிறுவனத்தில் லாகின் செய்யும் முறை) பக்கத்தைத் திறந்தால், பல மாடல்களில் யூசர்நேம், பாஸ்வேர்டுக்குக் கீழே ஒரு சின்னப் பட்டியல் தெரியும்: பாப், சாப், ஆட்டோ. பாப்பும் (PAP) சாப்பும் (CHAP) அந்த பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் இரண்டு முறைகள். ஆட்டோவிலேயே விட்டுவிட்டு நகர்வதில் தப்பில்லை. ஆனால் பாஸ்வேர்டு எங்கே திருடு போகலாம் என்பதை இந்தப் பட்டியல்தான் முடிவு செய்கிறது.

1992-இல் வந்த ஆர்எஃப்சி 1334 என்ற இணையத் தரநிலை ஆவணம் இரண்டையும் ஒன்றாகவே விவரித்தது. 1996-இல் சாப்புக்குப் புதிய ஆவணம் வந்தது. அதன் எண் 1994. வருடம் என்று நினைத்து நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

பாப்பில் பெரிதாக ஒன்றுமில்லை. பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே போகும், எதிர்முனை (இணைய நிறுவனத்தின் சர்வர்) சரி என்றோ இல்லை என்றோ சொல்லும். நடுவில் ஒட்டுக்கேட்பவன் எதையும் உடைக்க வேண்டாம், படித்தால் போதும்.

சாப்பில் எதிர்முனைதான் முதலில் பேசும், ஒரு புதுக் கேள்வியோடு. நம் ரவுட்டர் அந்தக் கேள்வி, அதன் அடையாள எண், பாஸ்வேர்டு மூன்றையும் சேர்த்து எம்டி5 என்ற ஒருவழிக் கணக்கில் போட்டு விடையை மட்டும் அனுப்பும். பாஸ்வேர்டு வயரில் ஏறுவதே இல்லை. நேற்றைய விடையைப் பிடித்து வைத்தாலும் இன்று செல்லாது. இணைப்பு ஓடும்போதே நடுநடுவே மறுபடி கேட்கவும் முடியும். பாப் வாசலில் ஒருமுறை கேட்டதோடு சரி. ஆனால் பாஸ்வேர்டு 'வெல்கம்123' ரகமாக இருந்தால், பிடித்த விடையை வைத்துக்கொண்டு சாவகாசமாக ஊகித்துவிடலாம்.

அப்புறம் இன்னொரு விலை. விடையைச் சரிபார்க்க சர்வரிடமும் அசல் பாஸ்வேர்டு இருந்தாக வேண்டும். லினக்ஸில் சாப்-சீக்ரெட்ஸ் கோப்பைத் திறந்தால் அது அப்பட்டமாகக் கிடக்கும். பாப்பில் சர்வர் பாஸ்வேர்டின் ஹாஷை (திருப்பி எடுக்க முடியாத சுருக்கத்தை) மட்டும் வைத்துக்கொண்டே சமாளிக்கலாம். ஆக, வயரை நம்பாதவருக்கு சாப், சர்வரை நம்பாதவருக்கு பாப்.

இரண்டையும் தீர்க்கிறேன் என்று வந்த மைக்ரோசாஃப்டின் எம்எஸ்-சாப் இரண்டாம் பதிப்பை வெளியே வேறு குறியாக்கம் இல்லாமல் நான் தனியாகத் தொடவே மாட்டேன். பாஸ்வேர்டின் 16 பைட் ஹாஷை 7, 7, 2 என்று வெட்டி, டிஇஎஸ் என்ற பழைய குறியாக்க முறைக்கு மூன்று சாவிகளாக்குகிறது. கடைசிச் சாவிக்கு 65,536 வாய்ப்புகள்தான். முதல் இரண்டையும் ஒரே தேடலில் பிடிக்கலாம். 2012 டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் ஒரு நாளுக்குள் முடியும் என்று காட்டினார்கள். பாஸ்வேர்டு எவ்வளவு நீளமானாலும் இதே கதிதான்.

ஈஏபி-டிஎல்எஸ் என்ற இன்னொரு முறையில் பாஸ்வேர்டே இல்லை, இரு பக்கமும் தம்மை நிரூபிக்க டிஜிட்டல் சான்றிதழ். பாதுகாப்பில் முதலிடம் அதற்குத்தான். ஆனால் ஆளாளுக்குச் சான்றிதழ் கொடுத்து, காலாவதியாகும்போது புதுப்பிக்க ஒருவர் வேண்டும்.

வீட்டுக்கு நான் சாப் வைத்து, பாஸ்வேர்டை நீளமாக, அர்த்தமில்லாததாகக் கேட்டு வாங்கிக்கொள்வேன். பாப்பையும் கழித்துக்கட்டிவிட வேண்டாம். பல்கலைக்கழக வைஃபைகள் பலவற்றில் அது டிடிஎல்எஸ் என்ற குறியாக்கச் சுரங்கத்துக்குள் இன்றும் கௌரவமாக ஓடுகிறது, போன் சர்வரின் சான்றிதழைச் சரிபார்த்தால் மட்டும்.