5 லட்சமா, தீர்ப்பாயமா, மக்கள் நீதிமன்றமா?

சாலை விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால், குடும்பத்தார் இழப்பீடு கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தில் முக்கியமாக இரண்டு பிரிவுகள் உண்டு: 164, 166. முதலாவதில் சமரசமாகப் பணத்தை வாங்கிக்கொண்டால் இரண்டாவதன் மனு செல்லாமல் போய்விடும். அதனால் கையெழுத்துப் போடும் முன்பே கணக்குப் போட்டுவிட வேண்டும்.

164 சுலபமானது. யார் மீது தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய். இறந்தவர் எவ்வளவு சம்பாதித்தார் என்ற பேச்சே இல்லை.

166இல், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு ஓட்டுநரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும், வருமானத்துக்கு ஆதாரம் வேண்டும், பல ஆண்டுகள் இழுக்கலாம். ஆனாலும் தொகையைப் பாருங்கள். 32 வயது, சுயதொழில், மாதம் 20,000 ரூபாய், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 2.4 லட்சம். 2017இல் உச்ச நீதிமன்றம் பிரணய் சேத்தி வழக்கில் சொன்னபடி, எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 3.36 லட்சம். அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கைக் கழித்தால் 2.52 லட்சம். அந்த வயதுக்கான மல்டிப்ளையர் (ஆண்டுத் தொகையைப் பெருக்க வேண்டிய எண்) 16, ஆக 40.32 லட்சம். அவர் மீதும் 30 சதவீதம் தவறு என்று தீர்ப்பாயம் சொன்னாலும் 28 லட்சத்துக்கு மேல் நிற்கும். மனு போட்ட நாளிலிருந்து வட்டி வேறு. இளவயதுச் சம்பாத்தியக்காரரின் குடும்பத்திடம் 164க்கு ஒப்புக்கொள்ளச் சொல்வது, என்னைக் கேட்டால், அநியாயம்.

அதே முறையில் (வயதுக்கும் சார்ந்திருப்பவர்களின் எண்ணிக்கைக்கும் ஏற்ப விகிதங்கள் மாறும்) 68 வயது, மாதம் 8,000, மனைவியும் மகனும் சார்ந்திருப்பவர்கள் என்றால் 3.2 லட்சம்தான் வரும். இறுதிச்சடங்குச் செலவு போன்றவற்றைச் சேர்த்தாலும் 5 லட்சத்தைத் தொடுவது கடினம். அங்கே 164தான் புத்திசாலித்தனம். வண்டியே அடையாளம் தெரியாமல் ஓடிவிட்டால் இரண்டும் இல்லை. தனித் திட்டத்தில் 2 லட்சம்.

சரி, வழக்கைச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்)? அதை 166க்கு மாற்றாக நினைக்காதீர்கள். எம்சிஓபி (தீர்ப்பாயத்தில் போடும் இழப்பீட்டு மனு) போட்டு, ஆவணங்களைத் தயாராக வைத்துக்கொண்டு போனால்தான் காப்பீட்டு நிறுவனத்திடம் பேரம் பேச முடியும். பணம் சீக்கிரம் வரும் என்பதற்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். எவ்வளவு என்பதை மேலே சொன்ன கணக்கை வைத்து வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள், ஏனென்றால் அங்கே ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீடு கிடையாது. அப்புறம், 166 மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்கிறது சட்டம்.