'உதவாக்கரை' கதைக்காகவே வாங்கலாம்

பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் ஆண்டர்சன் கதைகளின் தமிழ்த் தொகுப்பு கிடைத்தது. விலை 32 வெள்ளி (ரிங்கிட்). பத்துக் கதைகள், முன்னால் 14 பக்கத்துக்கு அவருடைய வாழ்க்கை வரலாறு. என் மகள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தூங்கப் போகும்முன் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்து மூன்று வாரத்தில் முடித்தோம். எழுத்து பெரிதாக இருக்கிறது, தாளும் கனம். படங்கள் சுமார்தான்.

வாழ்க்கை வரலாற்றை யாரோ மனசு வைத்து எழுதியிருக்கிறார்கள். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1805இல் டென்மார்க்கின் ஓடென்சே ஊரில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர். மகனுக்கு 11 வயதிருக்கும்போது இறந்துபோனார். அம்மா ஊரார் துணியை ஆற்றில் நின்று வெளுத்தவர்.

அந்த வரிக்கு மேல் எனக்கு வாசிக்க ஓடவில்லை. என் அம்மாவும் 'டோபி காட்' என்ற சலவைத்துறையில் துணி துவைத்தவர். கஞ்சி போட்டு வரிசையாகக் கொடியில் தொங்கும் வெள்ளைச் சட்டைகள், மழை இருட்டினால் அதை அள்ளிக்கொண்டு ஓடும் நாங்கள், சோடா உப்பில் நக ஓரமெல்லாம் வெடித்திருக்கும் அம்மாவின் விரல்கள், எல்லாம் கண்முன் வந்துவிட்டன. மகள் "அப்பா, அப்புறம்?" என்று தோளைத் தட்டினாள்.

அப்புறம், 14 வயதில் நாடகக்காரராகும் ஆசையில் கோபன்ஹேகன் போனார். குரல் உடைந்தது, மேடையில் இடம் கிடைக்கவில்லை. உதவ ஆள் கிடைத்து, 17 வயதில் தன்னைவிடச் சின்னப் பையன்களோடு வகுப்பில் உட்கார்ந்தார். அம்மா 1833இல் வறுமையில் இறந்தார். முதல் தேவதைக் கதைப் புத்தகம் வந்தது 1835இல்தான். மகன் பேர் எடுத்த கதைகளில் ஒன்றைக்கூட அந்த அம்மா பார்க்கவில்லை.

தொகுப்பில் வாத்துக்குஞ்சு, கடற்கன்னி, அரசரின் புத்தாடை என்று தெரிந்த கதைகளோடு, நான் கேள்விப்படாத ஒன்றும் இருக்கிறது. பனிக்குளிரில் ஆற்றில் நின்று துணி வெளுக்கும் ஒரு தாய். உடம்பு சூடேற அவள் குடிக்கும் சாராயத்தை மகன் கொண்டுபோகிறான். ஊர்ப் பெரிய மனிதர் அவளை ஒன்றுக்கும் ஆகாதவள் என்கிறார். மொழிபெயர்த்தவர் அதற்கு 'உதவாக்கரை' என்று போட்டு, கதைக்கும் அதையே தலைப்பாக வைத்திருக்கிறார். இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை. தாய் இறந்தபின் பையன் கேட்கிறான், அம்மா நிஜமாகவே உதவாக்கரையா என்று. இல்லை என்கிறாள் தாயின் தோழி. என் அம்மாவுக்கு இப்போது கண் மங்கல், அதனால் நானே வாசித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும், "இரு, மறுபடி படி" என்றார்.

பதிப்பகத்தின் மேல் எனக்குக் கோபம் ஒரே கதைக்காகத்தான். தீக்குச்சி விற்கும் சிறுமியை ஒரு பணக்கார அம்மா வந்து வீட்டுக்கு அழைத்துப் போவதாக முடித்துவிட்டார்கள். ஆண்டர்சன் 1845இல் எழுதியது அப்படியில்லை. குச்சி ஒவ்வொன்றாய் உரசி, அந்த வெளிச்சத்தில் அடுப்பு, விருந்து, கிறிஸ்துமஸ் மரம், கடைசியாக இறந்துபோன பாட்டி என்று பார்த்துக்கொண்டே அந்தப் பிள்ளை குளிரில் செத்துப்போகிறாள். பிள்ளைகள் அழுதுவிடுவார்கள் என்று பயந்திருக்கலாம். அழட்டுமே! ஆண்டர்சனின் அம்மாவையே சின்ன வயதில் பிச்சையெடுக்க அனுப்பினார்கள். கையேந்த மனசு வராமல் பாலத்தடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். இதுவும் இதே புத்தகத்தின் முன்பகுதியில்தான் அச்சாகியிருக்கிறது. அதைப் போட்டுவிட்டுக் கதையை மட்டும் மாற்ற எப்படி மனம் வந்தது?

9ஆம் பக்கத்தில் பிறந்த ஆண்டு 1850 என்று விழுந்திருக்கிறது. அவர் இறந்தது 1875இல், எழுபது வயதில். "இருபத்தஞ்சு வயசுலயே செத்துட்டாராப்பா?" என்று மகள் கேட்டபிறகுதான் கவனித்தேன். வாங்குகிறவர்கள் பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள்.

தீக்குச்சிக் கதையின் கடைசிப் பக்கத்தில் பாதி வெற்றிடம் இருக்கிறது. உண்மையான முடிவை அதில் நான் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். மகள் கீழே ஒரு பாட்டி படம் வரைந்திருக்கிறாள்.