கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

போன வாரம் எங்கள் கம்பெனி பேக்கிங் செக்ஷனில் இருக்கும் ஒரு பையன் டீ நேரத்தில் வந்து போனை நீட்டினான். "அண்ணா, இதுல சேரலாமானு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க." மூன்று வருடத்துக்கு முன்னால் நான் பார்த்த அதே மாதிரி விளம்பரம். கடனில் 60 சதவீதம் வரை தள்ளுபடி, கடன் வசூல் ஏஜென்ட் தொல்லை இனி இல்லை. கம்பெனிப் பெயர் மட்டும் வேறு. அவனிடம் அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னை ஏமாற்றிய கம்பெனி மேல் வழக்கு நடக்கிறது, அதனால் பெயர் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை, ஒன்றை மூடினால் இன்னொன்று முளைக்கிறது.

நான் திருப்பூரில் மெர்ச்சன்டைசர். 2022 இல் நூல் விலை ஏறிய ஏற்றமும், மே மாதம் பனியன் கம்பெனிகள் இரண்டு நாள் மூடிப் போராடியதும் ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வருடக் கடைசியில் வெளிநாட்டு ஆர்டரும் படுத்துவிட்டது. தீபாவளி போனஸ் கொடுத்த கையோடு எங்கள் யூனிட்டை மூடினார்கள். அப்போது எனக்கு ஒரு தனியார் வங்கியில் பர்சனல் லோன் பாக்கி 3,08,000, மாதத் தவணை 10,705. அதே வங்கியின் கிரெடிட் கார்டில் 1,40,000. கார்டுக்கு மாதம் 3.5 சதவீத வட்டி, வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 42 சதவீதம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அசல் அசையவே அசையாது.

லோன் தவணையை நகையை அடகு வைத்து எப்படியோ கட்டிக்கொண்டிருந்தேன். கார்டுக்குத்தான் இரண்டு மாதம் கட்ட முடியவில்லை. அதற்கே ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து போன் வந்தது. 2023 பிப்ரவரியில் அந்த செட்டில்மென்ட் கம்பெனியிலிருந்து, அதாவது வங்கியிடம் பேசிக் குறைந்த தொகைக்குக் கடனை முடித்துத் தருகிறோம் என்கிற கம்பெனியிலிருந்து, ஒரு பெண் பேசினார். "சார், இனிமே உங்க போனை நாங்க பார்த்துக்கறோம், நீங்க நிம்மதியா தூங்குங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் விழுந்தேன். கடன் குறைவதெல்லாம் அப்புறம். போன் அடிக்காமல் ஒரு ராத்திரி கழிந்தால் போதும் என்றிருந்த ஆளிடம் வேறென்ன சொல்ல வேண்டும்?

சேர்வதற்கு 15,000 ரூபாய், ஜிஎஸ்டியோடு 17,700. மாதாமாதம் 4,500. கடைசியில் எவ்வளவு மிச்சமாகிறதோ அதில் 15 சதவீதம். கையெழுத்துப் போட்டதும் நான் செய்ய வேண்டியதை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். லோன் தவணையையும் நிறுத்திவிடு. சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்று. கணக்கில் பணம் வைக்காதே. வங்கியிலிருந்து வரும் அழைப்பெல்லாம் தங்கள் நம்பருக்குப் போகிறபடி போனில் மாற்றிவிடு.

ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்த லோனை ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்டேன். "கட்டிக்கிட்டே இருந்தா பேங்க் எதுக்கு சார் குறைப்பாங்க?" என்றார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. 90 நாள் தவணை நின்று கணக்கு வாராக்கடன் ஆன பிறகுதான் பெரும்பாலும் வங்கிகள் செட்டில்மென்ட் பற்றிப் பேசும். ஆனால் அந்த 90 நாளில் என்னென்ன நடக்கும் என்பதை அவர்கள் சொல்லவில்லை. தவணை திரும்பும் ஒவ்வொரு தடவையும் 500 ரூபாயும் ஜிஎஸ்டியும். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோர் 700க்கு மேல் இருந்தது 500களுக்கு வந்தது. கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை பணமில்லாமல் திரும்பினால், செக் திரும்பியது போலவே கிரிமினல் வழக்குப் போட 2007 ஆம் வருட பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டம் 25 ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. அந்தப் பிரிவைக் காட்டி வக்கீல் நோட்டீஸ் வந்தபோதுதான் அப்படி ஒரு சட்டம் இருப்பதே எனக்குத் தெரிந்தது.

போன்தான் நின்றதே தவிர ஆள் வருவது நிற்கவில்லை. ஒரு நாள் நான் வேலை தேடிப் பல்லடம் பக்கம் போயிருந்தேன், இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். என் மனைவி நடையில் நின்று பதில் சொல்ல, அக்கம்பக்கத்தார் கேட்கிற மாதிரி தொகையைச் சத்தமாகச் சொல்லியிருக்கிறார்கள். மச்சான் நம்பரை லோன் எடுக்கும்போது ரெஃபரன்ஸாகக் கொடுத்திருந்தேன், அவரையும் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். கம்பெனியைக் கேட்டால் "லீகல் டீம் பார்த்துக்கிட்டிருக்காங்க" என்பதே ஒன்பது மாதமும் பதில்.

ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் ஒன்று, அதாவது கோர்ட்டுக்கு வெளியே ஒரு நடுவர் விசாரிப்பதற்கான நோட்டீஸ், சென்னை முகவரியோடு வந்தது. அதையும் கண்டுகொள்ள வேண்டாம் என்றார்கள். தயவுசெய்து யாரும் அப்படி விட்டுவிடாதீர்கள். நாம் போகாவிட்டால் நாம் இல்லாமலே தீர்ப்பு எழுதுவார்கள், அதைக் கோர்ட் தீர்ப்பு மாதிரியே நிறைவேற்றலாம். மச்சானுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் பதில் எழுதிப் போட்டதால் நான் தப்பித்தேன்.

2023 நவம்பரில் கார்டு கடன் முடிந்துவிட்டது என்று சந்தோஷமாகக் கூப்பிட்டார்கள். அதற்குள் வட்டியும் அபராதமும் சேர்ந்து இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. 65,000க்கு வங்கி ஒத்துக்கொண்டதாம், மூன்று நாளைக்குள் கட்ட வேண்டுமாம். வங்கியின் சின்னம், முத்திரை, கையெழுத்து எல்லாம் போட்ட கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. என் மனைவி கையிலிருந்த இரண்டு வளையலையும் கழற்றிக் கொடுத்தாள். விற்று, அவர்கள் சொன்ன கணக்குக்கு அனுப்பினேன். "செட்டில்மென்ட் கணக்கு" என்று சொன்னார்கள், அதை நம்பிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, பாக்கி இல்லை என்று வங்கி கொடுக்கும் நோ டியூ சர்டிபிகேட் கேட்டு வங்கிக் கிளைக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி வயதானவர். கடிதத்தை வாங்கி ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை, விரலை ஒரே இடத்தில் வைத்தார். என் கார்டு நம்பர் 16 இலக்கமும் முழுசாக அச்சாகியிருந்தது. "தம்பி, எங்க லெட்டர்ல கடைசி நாலு நம்பர்தான் இருக்கும், மீதி இடத்துல எக்ஸ் போட்டிருக்கும். இது நாங்க கொடுத்ததில்லை" என்றார். நான் பணம் போட்ட கணக்கு ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயரில் வேறொரு வங்கியில் இருந்தது.

அதைவிட என்னை உலுக்கியது அடுத்து அவர் செய்தது. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் லோன் கணக்கில் வசூல் பிரிவு எழுதி வைத்த குறிப்புகள். செப்டம்பரில் ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை, அவர்களே என் நம்பருக்குக் கூப்பிட்டு 1,55,000 கட்டினால் லோனை முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு தடவையும் "வாடிக்கையாளரின் பிரதிநிதி மறுத்துவிட்டார்" என்று இருந்தது. அழைப்பை மாற்றி வைத்திருந்தேன் இல்லையா, அந்தப் போன் கம்பெனிக்குப் போயிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லோன் முடிந்தால் மாதம் 4,500 வராது. எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

கட்டணம், மாதப் பணம், போலிக் கடிதத்துக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து 1,23,200 ரூபாய்.

அப்புறம் ஆன்லைன் பண மோசடிக்கான உதவி எண் 1930க்கு அடித்தேன், சைபர் கிரைமில் புகார் கொடுத்தேன். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொல்லியிருந்தால் அந்தக் கணக்கை முடக்கியிருக்கலாம், ஒரு மாதம் ஆனதால் கணக்கில் ஒன்றுமில்லை. வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதினேன். அவர்கள் விசாரிப்பது வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும்தான், இந்த மாதிரி கம்பெனிகள் ரிசர்வ் வங்கியின் கீழ் வருவதில்லை என்று பதில் வந்தது. விளம்பரத்தில் "ஆர்பிஐ விதிகளின்படி" என்று போட்டிருப்பதைப் பார்த்து நம்பாதீர்கள், அவர்களுக்கு அங்கே எந்த உரிமமும் இல்லை.

ஆனால் ஏஜென்ட் தொல்லைக்கு அதே ஆம்புட்ஸ்மேன் உதவும், அதற்கு ஒரு பைசா செலவில்லை. காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது, பொது இடத்தில் அவமானப்படுத்தக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். விவரம் கேட்க 14448. வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றி நான் வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன், அதற்குப் பிறகு யாரும் படியேறவில்லை. மாதம் 4,500 கொடுத்து நான் வாங்க நினைத்த நிம்மதி இதுதான்.

கடனை நானே பேசித்தான் முடித்தேன். 2024 இல், கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, சமரசம் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் வங்கி ஆட்களோடு உட்கார்ந்தேன். கோர்ட் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. அங்கே ஒத்துக்கொண்டு கையெழுத்தானால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் கட்ட முடியாத தொகைக்குத் தலையாட்டிவிடாதீர்கள். வேலை போன கடிதம், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், அடகு ரசீதுகள் எல்லாம் கொண்டுபோயிருந்தேன், அவற்றைப் பார்த்த பிறகுதான் பேச்சே மாறியது. லோனுக்கு 1,95,000, மூன்று தவணையில். கார்டுக்கு 98,000. சீட்டைத் தள்ளி எடுத்தேன், மீதியை மச்சான் கொடுத்தார்.

தவணையில் செட்டில்மென்ட் வாங்குகிறவர்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியைக் கட்டாயம் படியுங்கள். ஒரு தவணை ஒரு நாள் தவறினாலும் மொத்தமும் ரத்து, பழைய பாக்கி முழுசாகத் திரும்பி வரும் என்று என் கடிதத்தில் இருந்தது. கடிதம் வங்கியின் சொந்த மின்னஞ்சலிலிருந்து வர வேண்டும். அதைக் கிளையில் காட்டி உறுதி செய்யுங்கள். பணத்தை உங்கள் லோன் கணக்குக்கோ கார்டு கணக்குக்கோ நேராகப் போடுங்கள். ஏஜென்ட் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய யுபிஐக்குப் போடாதீர்கள்.

இப்படிக் குறைத்துக் கட்டினால் சிபிலில் "முடிந்தது" என்று வராது, "செட்டில்ட்" என்றுதான் வரும். பல வருடம் அது நிற்கும். 2023 ஜூன் 8 இல் வந்த ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைப்படி, செட்டில்மென்ட் செய்தவருக்கு அதே வங்கி குறைந்தது 12 மாதம் புதுக் கடன் கொடுக்கக் கூடாது. அதனால் இரண்டு மூன்று மாதம் மட்டும் கஷ்டம் என்றால் செட்டில்மென்ட் பக்கமே போகாதீர்கள். வங்கியில் தவணைக் காலத்தை நீட்டித்துக் கேளுங்கள், கார்டு பாக்கியைத் தவணையாக மாற்றச் சொல்லுங்கள். 2022 கடைசியில் நான் நேராகக் கிளைக்குப் போய் அதைக் கேட்டிருந்தால் 3.5 சதவீத வட்டி அன்றே நின்றிருக்கும்.

அந்தக் கம்பெனி மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது, போலிக் கடிதம் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டு வாய்தாவுக்கும் அவர்கள் வரவில்லை. பேக்கிங் பையன் இன்னும் பணம் கட்டவில்லை. சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு அவனோடு அவன் வங்கிக்குப் போகிறேன்.